அத்தியாயம் 6: செதுக்கிய கோட்டைத் தூரிகையால் வரைதல்

ஜப்பானின் பழைய மரஅச்சுப் பெண் ஓவியம் ஒன்றைக் கையால் படியெடுக்க உட்காருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் படத்தில் ஓவியரின் தூரிகை பட்ட இடம் ஒன்றுகூட இல்லை என்பதுதான். 1790-களில் கிதகாவா உதாமாரோ மெல்லிய தாளில் மையால் வரைந்து கொடுத்தார். செதுக்குபவர் அந்தத் தாளை மலைச்செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் இரு பக்கத்தையும் கத்தியால் வெட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்தபோது மூல வரைபடம் மரச்சீவலோடு போயிருந்தது. பிறகு அச்சடிப்பவர் நிறத்துக்கு ஒரு பலகையாக வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் தாளின் முதுகில் தேய்த்து நிறங்களை ஏற்றினார். எந்தப் படம், யார் வரைவது, எவ்வளவு செலவு என்பதையெல்லாம் தீர்மானித்தவர் பதிப்பாளர். உதாமாரோவின் புகழ்பெற்ற பெண் முகங்களுக்குப் பின்னால் நின்ற பதிப்பாளர் த்சுதாயா ஜூசபுரோ.

ஆக, ஒரே தாளில் பல கைகள் இருக்கின்றன. நாம் அதைத் தூரிகை என்ற ஒரே கருவியால் திருப்பி எழுதப் போகிறோம். ஒவ்வொரு இடத்திலும் கையை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது யார் செய்தது? கோடு செதுக்குபவருடையது. சமமாகப் பரவிய நிறம் அச்சடிப்பவருடையது. முகத்தின் வெண்மை யாரும் பூசியதல்ல, அது வெறும் தாள். இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, நீர்வண்ணத்தில் பழகிய பழக்கத்தில் கன்னத்துக்கு நிழல் கொடுத்து, மூக்கின் ஓரத்தை உருட்டி, மடிப்புகளில் இருட்டை ஏற்றினால் படம் அங்கேயே செத்துவிடும். நன்றாக வரையத் தெரிந்தவர்களே இந்த வேலையை அதிகம் கெடுக்கிறார்கள். தெரிந்ததையெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

எந்தப் படத்தில் தொடங்குவது

பெண்களை வரைந்த மரஅச்சுப் படங்களுக்கு ‘பிஜின்-கா’ என்று பெயர். அவற்றில் மார்புக்கு மேலே மட்டும் பெரிதாகக் காட்டும் வகை ‘ஓகுபி-எ’, அதாவது பெருந்தலைப் படம். தொடக்கத்துக்கு இந்த வகையே சரி. முதல் படமாக நான் சொல்வது உதாமாரோவின் ‘பொப்பின் ஊதும் பெண்’. பொப்பின் என்பது ஊதினால் ‘பொப்’ என்று ஒலிக்கும் மெல்லிய கண்ணாடி விளையாட்டுப் பொருள். பெண்களின் முகக்குறிகளைப் பத்து வகையாகக் காட்டுவதாகத் திட்டமிட்டு 1792-93 வாக்கில் வந்த வரிசையில் ஒரு படம் இது. அந்த வரிசையின் கையெழுத்தில் உதாமாரோ தன்னை முகக்குறி பார்ப்பவராகவே குறிப்பிட்டுக்கொண்டார். 1955-இல் ஜப்பான் இந்தப் படத்தை அஞ்சல் தலையாகவும் வெளியிட்டது.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒரே உருவம், வெறும் பின்னணி. கட்டம்போட்ட கிமோனோ என்பதால் அளவு தவறினால் கட்டமே காட்டிக்கொடுத்துவிடும். முகம், கூந்தல், கண்ணாடி, துணி என்று நான்கு விதமான வேலையும் ஒரு முழத்துக்குள் கிடைக்கிறது.

இரண்டாவதாக 1793 வாக்கில் வந்த ‘இக்கால மூன்று அழகியர்’ படத்துக்குப் போகலாம். நடுவில் யோஷிவாராவின் கெய்ஷா தொயோஹினா, வலப்பக்கம் அசாகுசாவில் தேநீர்க் கடையில் இருந்த ஒகிதா, இடப்பக்கம் ரியோகோகுவில் அரிசி அப்பளக் கடைக்காரர் மகள் ஒஹிசா. மூவரும் ஒரே முகம் போலத்தான் முதலில் தெரியும். படியெடுக்கத் தொடங்கிய பிறகே மூக்கு வளைவிலும் கண்ணின் சாய்விலும் இருக்கும் வேறுபாடு கைக்குப் புரியும். ஆடையில் உள்ள சின்னங்களும் ஆளைச் சொல்லும்: ஒகிதாவுக்கு பௌலோனியா மர இலை, ஒஹிசாவுக்கு ஓக் இலை, தொயோஹினாவுக்குப் பிரிம்ரோஸ் பூ. சின்னத்தை அலட்சியமாக வரைந்தால் ஆளின் பெயரையே அழித்ததாகும்.

ஹருனோபுவின் படங்கள் எளிதாகத் தெரியும், எளிதல்ல. 1765-இல் பலநிற அச்சு பரவியபோது முன்னணியில் நின்றவர் அவர். தாள் சுமார் 28-க்கு 20 செ.மீ., முகமோ கட்டைவிரல் நகம் அளவு. அந்த முகத்தில் புருவம் அரை மில்லிமீட்டர் ஏறினால் சிறுமி கோபக்காரியாகிவிடுவாள். தோரீ கியோநாகாவின் நெடிய உருவங்கள் பல தாள்களில் தொடர்பவை, அவையும் பின்னால்தான்.

ஒரு எச்சரிக்கை. மொரோனோபுவின் ‘திரும்பிப் பார்க்கும் அழகி’ எல்லாத் தொகுப்புகளிலும் இவற்றோடு சேர்ந்தே வரும். ஆனால் அது அச்சு அல்ல. பட்டுத்துணியில் தூரிகையால் வரைந்த ஓவியம், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே முகத்துக்குச் சிப்பிச் சுண்ண வெள்ளை பூசப்பட்டிருக்கிறது. இந்த அத்தியாயத்தின் விதிகள் அதற்குப் பொருந்தாது.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் சிகாகோ கலைக் கழகமும் பழைய மரஅச்சுகளின் உயர்தரப் படங்களைக் கட்டணமின்றி, எதற்கும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு வைத்திருக்கின்றன. அங்கிருந்து எடுங்கள். சுவரொட்டிக்காக நிறம் கூட்டிய படங்களைப் பார்த்து வரைந்தால் அந்தத் திருத்தத்தைத்தான் படியெடுப்பீர்கள். ஒரே படத்தின் இரண்டு மூன்று அச்சுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மிக நல்லது. பலகை தேய்ந்த பிறகு எடுத்த அச்சில் நெற்றி முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்; முந்தைய அச்சில் தனித்தனியாக நிற்கும்.

அளவை மாற்றாதீர்கள்

உதாமாரோவின் பெருந்தலைப் படங்கள் ‘ஓபான்’ என்ற அளவில் வந்தவை: ஏறத்தாழ 39-க்கு 26 செ.மீ. கையில் எடுத்து முகத்தருகே வைத்துப் பார்க்கச் செய்த பொருள் இது. சுவரை நிறைக்க வேண்டும் என்று இரண்டடி, மூன்றடிக்குப் பெரிதாக்கும்போது முகத்தின் காலியிடம் வெறுமையாகிவிடுகிறது. முடி மெல்லிய கோட்டைக் கூடவே பெரிதாக்கினால் கயிறாகிறது. பெரிதாக்காமல் விட்டால் படத்தைத் தாங்காது. அதன்பின் வெறுமையை மறைக்க நிழல் கொடுக்கத் தோன்றும். கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த படிகள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் கெடுகின்றன. துணியின் நெசவு மெல்லிய கோட்டை உடைக்கிறது, வார்னிஷின் பளபளப்பு தாளின் தன்மையைக் கொன்றுவிடுகிறது. யாராவது பெரிதாகக் கேட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதீர்கள். சுவர்தான் பிரச்சினை என்றால் சட்டத்துக்குள் வெற்று ஓரத்தை அகலமாக விடலாம்.

தாளும் பசையும்

மூல அச்சுகளுக்கான தாள் கோசோ என்னும் முசுக்கட்டை இனச் செடியின் நாரால் ஆனது. மெத்தென்றிருக்கும், ஆனால் கிழியாது. அதே இனத் தாள் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காதபோது வழவழப்பான, பருத்தி நாரில் செய்த 300 கிராம் நீர்வண்ணத் தாள் போதும். சொரசொரப்பான தாளில் இந்தக் கோடு நிற்காது.

கோசோ தாளில் பசை ஏற்றியதும் உண்டு, ஏற்றாததும் உண்டு. ஏற்றாத தாளில் மை பட்டவுடன் பரவிவிடும். நீங்களே ஏற்றுவதானால் விலங்குப் பசையும் படிகாரமும் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 முதல் 20 கிராம் பசையை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் பசையின் பிடிப்பு போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பசையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு படிகாரத்தைத் தனியாகக் கரைத்துச் சேர்க்கவும். அகலத் தூரிகையால் ஒரே திசையில் பூசி, நிழலில் காயவிடுங்கள். மறுநாள் ஓரத்தில் ஒரு துளி நீர் வையுங்கள். துளி உருண்டு நின்றால் சரி, உடனே உள்ளே போனால் இன்னொரு பூச்சு வேண்டும். படிகாரம் கூடினால் தாளில் அமிலம் ஏறி, சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்கும்.

தாளைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். அது நிறத்தையும் கெடுக்கும், பார்ப்பவரையும் ஏமாற்றும்.

முகத்தை முதலில் முடியுங்கள்

பெரும்பாலான கைநூல்கள் முகத்தைக் கடைசியில் வைக்கச் சொல்லும். இந்த வேலையில் நான் நேர்மாறாகச் சொல்கிறேன். உதட்டுச் சிவப்பைத் தவிர உதாமாரோவின் முகத்தில் நிறம் கிடையாது. நெற்றியிலிருந்து கன்னம் வழியாகத் தாடை வரை ஒரு கோடு, மூக்குக்கு ஒரு வீச்சு, கண்களுக்குச் சில கோடுகள், இரண்டு புருவம், சிறிய வாய். இவற்றில் எதையும் திருத்த முடியாது. முகம் கெட்டுப்போனால் தாளை மாற்றியே ஆகவேண்டும். முதல் நாளே கெட்டால் ஒரு தாள்தான் நட்டம். கிமோனோவின் கட்டமெல்லாம் முடித்த பிறகு கெட்டால் பல நாள் வேலை போகும். அந்தப் பயமே கையை நடுங்கவைக்கும்.

படத்தை மூல அளவில் அச்செடுத்து, அதன்மேல் மெல்லிய தாள் வைத்துக் கூர்மையான பென்சிலால் கோடுகளை எடுங்கள். இந்த நகலின் பின்புறம் காவிப் பொடியை லேசாகத் தேய்த்து, உதறி, நல்ல தாளின் மேல் வைத்து மங்கலாக மாற்றிக்கொள்ளவும். தட்டச்சுக் கார்பன் தாள் கூடவே கூடாது. அதன் மெழுகு அழியாது, மேலே வரும் நிறத்தையும் ஒட்டவிடாது.

மை கட்டியைக் கல்லில் உரைத்து எடுத்த மைதான் இந்தக் கோட்டுக்கு ஏற்றது. கீழை நாட்டு மை ஓவியம் கற்றவர்களுக்கு ஒரே வீச்சில் அடர்த்தி கூடிக் குறைவது பெரிய அழகு. இங்கே அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். பலகையின் கோட்டில் கருமை தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றே. மாறுவது தடிமன் மட்டும். கோட்டின் முனையும் தூரிகை முனை போலக் கரைந்து போகாது, கத்தி வெட்டிய இடமாகக் கூராக முடியும். ஆகவே மையை நன்றாகக் கறுப்பாக உரைத்து, வேலை முடியும்வரை போதுமான அளவு ஒரே தடவையில் தயார் செய்துகொள்ளுங்கள். பாதியில் தண்ணீர் சேர்த்தால் கோடு இரண்டு நிறமாகிவிடும்.

தூரிகைக்கு ‘மென்சோ’ என்ற நீண்ட மெல்லிய முனைத் தூரிகை கிடைத்தால் நல்லது. முகம் வரையவே உருவான தூரிகை அது. கிடைக்காவிட்டால் நீண்ட முடியுள்ள லைனர் தூரிகை. செங்குத்தாகப் பிடியுங்கள். கன்னக் கோட்டை மணிக்கட்டால் வளைக்காமல் முழங்கையிலிருந்து இழுக்க வேண்டும். கோலத்தில் இழை போடும் கை எப்படிப் புள்ளியைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறதோ, அப்படிக் கண் தாடையின் முனையில் இருக்கட்டும். நல்ல தாளில் தொடுமுன், நகலெடுக்கும் தாளை முகத்தின் மேல் போட்டுப் போட்டு வரைந்து பழகுங்கள். மூக்கின் கோடு தயக்கமில்லாமல் வரும்வரை நல்ல தாளை எடுக்க வேண்டாம்.

மேல் இமை தடித்த கோடு, கீழ் இமை மிக மெல்லியது, கருவிழி மேல் இமையோடு ஒட்டித் தொங்கும். இரண்டு கண்களும் ஒரே அளவில் இல்லாவிட்டால் அதைச் சரிசெய்யாதீர்கள், முகம் திரும்பியிருப்பதால் அப்படி இருக்கிறது. புருவமே இல்லாத பெண்ணைப் பார்த்தால் அச்சு அழிந்துவிட்டது என்று எண்ணி வரைந்துவிடவும் கூடாது. அக்காலத்தில் மணமான பெண்கள் பற்களைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள், தாயானவர்கள் புருவத்தை மழித்தார்கள். கெய்சாய் எய்சென் வரைந்த பெண்களில் கீழுதடு பச்சையாக இருக்கும். குசும்பப்பூச் சாந்தைக் கனமாகப் பூசினால் பச்சை மினுக்கம் தரும். அந்த ஒப்பனை அன்றைய நாகரிகம். இடைக்கச்சையான ஓபியை முன்பக்கம் முடிந்தவர் பரத்தையர், நீண்ட தொங்கு கைச்சட்டை அணிந்தவர் மணமாகாத இளம்பெண். பொப்பின் ஊதுபவள் அப்படி ஒருத்திதான்.

முகம் முடிந்ததும் அதன்மேல் சுத்தமான தாள் ஒன்றை ஒட்டி மூடிவிடுங்கள். உள்ளங்கை எண்ணெய் பட்ட இடம் பிறகு கறையாகும்.

பின்னணியும் காக்காப்பொன்னும்

1790-களின் சிறந்த பெருந்தலைப் படங்களில் பின்னணி மங்கலாக மினுக்கும். காக்காப்பொன் பொடியைப் பசையோடு சேர்த்து ஏற்றியது அது. அச்சிட்ட நூல்களிலும் திரையிலும் இந்த மினுக்கம் தெரியவே தெரியாது, வெறும் சாம்பல் நிறமாக வரும். அதைப் பார்த்துச் சாம்பல் வண்ணம் பூசியவர்கள் பலர்.

உங்கள் நகல் தாளிலிருந்து உருவத்தின் வடிவத்தை வெட்டி, படத்தின் மேல் மறைப்பாக வையுங்கள். மெல்லிய பசைநீரில் காக்காப்பொன் பொடியைக் குழைத்து அகலத் தூரிகையால் ஒரே போக்கில் பூசவும். பசை குறைந்தால் காய்ந்தபின் பொடி உதிரும், கூடினால் மினுக்கம் போய்விடும். தனித் தாளில் சோதித்து, விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள். பொடியைக் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளவும், நுரையீரலுக்கு நல்லதல்ல. இதைக் கூந்தலுக்கு முன்பே செய்ய வேண்டும். கூந்தலின் ஓர முடிகள் மினுக்கத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும்.

எந்த நிறம்?

இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடையாது, படியெடுப்பவர்தான் ஒரு முடிவுக்கு வரவேண்டும். இளஞ்சிவப்பு குசும்பப்பூவிலிருந்து வந்தது. ஒருவகை நீலம் த்சுயுகுசா என்ற சிறு பூவிலிருந்து வந்தது. இரண்டுமே வெளிச்சத்தில் வெளுப்பவை. அந்த நீலம் ஈரத்துக்கும் தாங்காது. இரண்டும் கலந்த ஊதா இன்று பல அச்சுகளில் பழுப்பாகிக் கிடக்கிறது. ஆக, அருங்காட்சியகத்தில் நாம் காணும் அமைதியான மண் நிறங்கள் உதாமாரோவும் த்சுதாயாவும் கடையில் வைத்து விற்ற நிறங்கள் அல்ல.

மூல நிறத்தைக் காண ஒரு வழி இருக்கிறது. 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் 6,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சுகளைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு நாளும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தக் கண்டிப்பால் அவற்றில் ஊதா ஊதாவாகவே நிற்கிறது. அவற்றின் படங்களை இணையத்தில் பார்க்கலாம். உங்கள் படத்துக்கு அங்கே ஒரு அச்சு இருந்தால் அதை நிற வழிகாட்டியாகக் கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இது: புதிய தாளில் வரைவதால் புதிய நிறத்திலேயே வரையலாம். வெளுத்த நிறத்தை விரும்பினால் அதையும் நேர்மையாகச் செய்யலாம், ஆனால் படம் முழுவதும் வெளுத்த நிலையாக இருக்க வேண்டும். கிமோனோ 1793-லும் ஓபி இன்றைக்குமாக இருந்தால் கண் ஏற்காது.

பழைய நிறப்பொருள்களைத் தேடிப் போக வேண்டாம். அவர்களுடைய மஞ்சள்களில் ஒன்றான அரிதாரம் ஆர்சனிக் நஞ்சு. குசும்பச் சிவப்புக்குப் பதிலாக குவினாக்ரிடோன் ரோஜா நிறத்தைப் பயன்படுத்துங்கள். அலிசரின் சிவப்பை விட்டுவிடுங்கள், அதுவும் வெளுக்கும். குழாய்மேல் ஒளிதாங்கும் தரம் I அல்லது II என்று இருப்பதை மட்டும் வாங்கவும். அவுரி நீலம் உதாமாரோவுக்குப் பொருந்தும். பிரஷ்ய நீலம் ஜப்பானிய அச்சில் பரவலானது 1820-களின் இறுதியில்தான்; அந்தப் பளிச்சிடும் ஆழ்நீலத்தை உதாமாரோவின் பெண்ணுக்கு உடுத்தினால் காலம் பிசகிவிடும். எய்செனுக்கு அது பொருந்தும்; நீலத்தை மட்டுமே வைத்து அவர் முழுப் படங்கள் செய்திருக்கிறார்.

நிறத்தைச் சமமாகப் பரப்புவது எளிதல்ல. தேவைக்கு இருமடங்கு கலந்து வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியை மட்டும் சற்றே ஈரமாக்கி, நல்ல அளவுள்ள தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். கனமாக ஒன்று பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு பூசுவது மேல். நடுவில் முழுக்கக் காயவேண்டும். நிறம் படிப்படியாக மறையும் ‘பொகாஷி’ வரும் இடத்தில் இரண்டு தூரிகைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் நிறம், மற்றதில் வெறும் நீர்.

துணி, மடிப்பு

கிமோனோவின் உருவரைகளை நிறமெல்லாம் காய்ந்த பிறகே இழுங்கள். அச்சில் கறுப்புக் கோடுதான் முதலில் விழுந்தது. தூரிகையில் அந்த வரிசையைப் பின்பற்றினால் மேலே வரும் நிறம் கோட்டை மங்கச் செய்யும்.

துணியின் வடிவங்களைக் கவனமாகப் பாருங்கள். பல படங்களில் கட்டமோ பூவோ மடிப்புக்கு ஏற்ப வளைவதில்லை. மடிப்புக்கோடு குறுக்கே போகும், வடிவம் எதுவும் நடக்காதது போலத் தட்டையாகத் தொடரும். அதை இயற்கையாக்க நினைத்து வளைக்காதீர்கள். அந்தத் தட்டையான துணிக்கு நடுவே உயிருள்ள ஒரு முகம் தெரிவதில்தான் இந்தக் கலையின் இழுப்பு இருக்கிறது. நேர்க்கோட்டு வரிகளுக்கு ஜப்பானியர் பள்ளம் வெட்டிய அளவுகோலும் கண்ணாடிக் குச்சியும் வைத்திருக்கிறார்கள். குச்சியைத் தூரிகையோடு சேர்த்துப் பிடித்துப் பள்ளத்தில் ஓட்டினால் தூரிகை நேராகப் போகும்.

ஹருனோபுவின் வெள்ளை ஆடைகளில் நிறமில்லாமல் அழுத்தத்தால் மட்டும் எழுந்த வடிவங்கள் உண்டு. கையால் செய்வதானால் முடிந்த படத்தை மெத்தென்ற கம்பளியில் குப்புற வைத்து, உருண்டை முனைக் கோலால் பின்னாலிருந்து மெல்ல அழுத்துங்கள்.

கூந்தல்

செதுக்குபவர்களில் தலைமைக் கைக்குத்தான் முகமும் கூந்தலும் கிடைக்கும். நெற்றியிலும் காதோரத்திலும் ஒரு மில்லிமீட்டருக்குள் பல முடிகளை மரத்தில் நிறுத்திக் காட்டுவது அவர்களுடைய உச்ச வித்தை. உதாமாரோ காலத்துக் கொண்டையில் இரு பக்கமும் விசிறி போல விரிந்து நிற்கும் பகுதி உண்டு, அதன் இழைகளின் ஊடே பின்னணி தெரியும். அங்கே மையை நிரப்பிவிட்டால் தலைக்குத் தொப்பி போட்டதாகிவிடும்.

முதலில் நடுக்கூந்தலை மங்கிய சாம்பல் மையால் நிரப்பிக் காயவிட்டு, மேலே கறுப்பை ஏற்றுங்கள். பிறகு தூரிகையில் மையை வடித்து, முனை ஊசிபோல் ஆனதும் கூந்தலுக்குள் தொடங்கித் தோலை நோக்கி இழுத்துத் தூக்குங்கள். முடி தோலின் பக்கம் மெலிய வேண்டும். இழைகளுக்கு இடையேயான தூரம் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதையே பாருங்கள், எண்ணிக்கை பின்னால் வரும். களைத்த கையோடு கூந்தலில் உட்கார வேண்டாம், காலையில் செய்யுங்கள்.

இதில் கை பழகிய பிறகுதான் ஹஷிகுச்சி கோயோவின் ‘கூந்தல் வாரும் பெண்’ பக்கம் போகலாம். 1920-இல் வந்த படம், நீண்ட கூந்தலே படத்தின் பாதி. கோயோ, இட்டோ ஷின்சுய், தோரீ கொதொந்தோ ஆகியோரின் நவீன அச்சுகளில் கன்னத்திலும் கண்ணோரத்திலும் மெல்லிய சிவப்பு உண்டு. அங்கே முகத்துக்கு நிறம் கொடுக்கலாம், மூலத்தில் இருக்கும் அளவுக்கு மட்டும். ஷின்சுய்யின் பதிப்பாளர் வதனாபே ஷோசபுரோ தேய்ப்பானின் சுழல் தடத்தைப் பின்னணியில் வேண்டுமென்றே தெரியவிட்டார். அது படத்தின் பகுதி, காய்ந்த தூரிகையால் அதையும் எழுதுங்கள்.

ஒரு சட்ட விஷயம். கோயோ 1921-இல் மறைந்தார், அவர் படங்களுக்கு இப்போது உரிமைத் தடை இல்லை. ஷின்சுய் 1972-இலும் கொதொந்தோ 1976-இலும் மறைந்தவர்கள். பதிப்புரிமை இந்தியாவில் மறைவுக்குப் பின் 60 ஆண்டு, ஜப்பானில் 70. அவர்கள் படங்களைப் பயிற்சிக்கு வரையலாம். அனுமதியில்லாமல் விற்கக் கூடாது.

கையெழுத்தும் முத்திரையும்

உதடுகளுக்குச் சிவப்பு வைத்த பிறகு மிஞ்சியிருப்பது எழுத்து. உதாமாரோவின் பெயர், ஃபுஜி மலையும் ஐவி இலையும் சேர்ந்த த்சுதாயாவின் குறி, 1790 முதல் தணிக்கைக்கு அடையாளமாக வந்த சிறு வட்ட முத்திரை. இவை இல்லாவிட்டால் படத்தின் எடை ஒரு பக்கம் சாயும், ஆகவே நான் அவற்றையும் எழுதச் சொல்வேன். கூடவே கீழ் ஓரத்தில் உங்கள் பெயரும் ஆண்டும் மையால் இருக்கட்டும். பின்புறம் பென்சிலால் மூலப் படத்தின் பெயர், எந்த அருங்காட்சியக அச்சைப் பார்த்து வரைந்தது, எந்த வண்ணங்கள் என்பதை எழுதுங்கள். படம் நாளைக்கு யார் கைக்குப் போனாலும் இந்தக் குறிப்பு கூடவே போகும்.

வாங்குகிறவர் கவனத்துக்கு

கையால் வரைந்தது என்று விற்கப்படும் படங்களில் ஒரு பகுதி, கணினி அச்சின் மேல் இங்கும் அங்கும் தூரிகை தடவியவை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முகத்தின் கோட்டைப் பாருங்கள். ஓரம் நுண்புள்ளிகளாக உடைந்தால் அது இயந்திர அச்சு. நேரில் பார்க்க முடியாதபோது கண், நெற்றி முடி, காதோரம் மூன்றையும் நெருங்கி எடுத்த படங்களைக் கேளுங்கள். சீனாவின் ஷென்ஜென் நகரிலுள்ள டாஃபென் எண்ணெய் ஓவியப் படிகளுக்குப் பெயர்போன இடம். அங்கிருந்து வரும் கான்வாஸ் படிகளை வாங்குவதானால் மேலே அளவைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள். மூலத்துக்கு மிக நெருங்கிய பொருளே வேண்டும் என்றால் டோக்கியோவின் அடாச்சி நிறுவனம் போன்ற பட்டறைகள் உதாமாரோவின் படங்களை இன்றும் மரத்தில் புதிதாகச் செதுக்கி அச்சிடுகின்றன.

சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. அமிலமில்லாத அட்டையை ஓரத்தில் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காக்காப்பொன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் விலங்குப் பசை ஏற்றிய தாளுக்குப் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் வரும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலம் முடிந்ததும் சட்டத்தைக் கழற்றி ஒருமுறை பின்பக்கத்தைப் பாருங்கள்.